உப்பளத்து லாரியில் மின்னணு டீசல் எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாலிநோக்கத்துக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஒரு தனியார் உப்பளத்தில், பாத்தியில் வாரிய உப்பை, அதைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டுக்குக் கொண்டு சேர்க்கும் சிறிய டிப்பர் லாரிக்கு, டர்போ உள்ள காமன் ரயில் டீசல் எஞ்சினை அதன் முழு மின்னணுக் கட்டுப்பாட்டோடு பொருத்திக் கொடுத்த வேலையின் பதிவு இது. காமன் ரயில் என்பது எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் அமைப்பு. டர்போ என்பது புகைவாயுவின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. ராமநாதபுரத்தில் உள்ள எங்கள் பட்டறையில் இந்த வேலை நடந்தது. எஞ்சின் மாற்றிய வண்டி என்றதும் எத்தனை குதிரைத்திறன், டர்போ எவ்வளவு அழுத்தம் தருகிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு அவை இரண்டாம்பட்சம். மின்னணு எஞ்சின் இந்தக் கரையில் நிலைக்குமா நிலைக்காதா என்பதை அதன் கப்ளர்களும் (வயர்களை இணைக்கும் செருகிகள்) எர்த் வயர்களுமே தீர்மானிக்கின்றன என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆகவே இந்தப் பதிவிலும் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வண்டியும் அதன் வேலையும்

லாரி நான்கு சக்கரப் பழைய வண்டி. அதில் டர்போ இல்லாத, இயந்திர பம்ப்பால் இயங்கும் எஞ்சின் இருந்தது. பல ஆண்டு உழைப்பில் கம்ப்ரஷன் தளர்ந்துபோய், சுமையோடு கரைமேல் ஏறினால் முதல் கியரை விட்டு மாற முடியாத நிலைக்கு அது வந்திருந்தது. ஈர உப்பு ஏற்றினால் வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 6 டன். உப்பளத்துக் கரைகள் களியும் மணலும் கலந்தவை. தார்ச் சாலையில் உருளும் சக்கரத்துக்கும் இந்த மெத்தென்ற மண்ணில் உருளும் சக்கரத்துக்கும் தேவைப்படும் இழுவிசை ஒன்றல்ல. எடையில் பத்தில் ஒரு பங்கு உருள்தடை என்று கணக்கிட்டால் சமதளத்தில் மட்டும் சுமார் 5,900 நியூட்டன் இழுவிசை வேண்டும். தட்டுமேட்டுச் சரிவு பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் இருப்பதால் அங்கே அது இரட்டிக்கிறது.

இந்தக் கணக்கை எஞ்சின் வரை கொண்டுவந்து பார்த்தோம். 7.50-16 டயர், பின் அச்சு விகிதம் 4.86, இரண்டாம் கியர் விகிதம் 2.6 என்ற நிலையில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,550 சுற்றில் இருக்கும். அந்தச் சுற்றில் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்தால் சமதளக் கரையில் இரண்டாம் கியரிலேயே போகலாம். சரிவில் முதல் கியருக்கு வந்தால் ஏறத்தாழ அதே அளவு போதும். இதைக் குதிரைத்திறனாக மாற்றினால் சக்கரத்தில் வெறும் 40. பழைய எஞ்சின் புதிதாக இருந்தபோது இதைவிடக் கூடுதல் திறன் தந்திருக்கும். ஆனால் அது மேல்சுற்றில் கிடைத்த திறன். கரையில் தேவைப்படுவது கீழ்ச்சுற்று முறுக்கு. டர்போ வேண்டும் என்று முடிவு செய்ததற்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

சட்டம் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மீறினால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இந்த வண்டி உப்பள எல்லையைத் தாண்டிப் பொதுச் சாலைக்கு வராது என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே எஞ்சினை இறக்கினோம். பட்டறைக்கு வந்ததும் திரும்பிப் போனதும் வேறொரு வண்டியின் முதுகில்தான். கீழக்கரை, தொண்டி பக்கம் இதேபோல் சாலை வண்டிக்குக் கேட்டு வருகிறவர்களை, முதலில் அனுமதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறோம்.

எஞ்சின் தேர்வு

விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு ஜீப் வகை வண்டியிலிருந்து 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் கிடைத்தது. தொழிற்சாலைக் கணக்குப்படி 120 குதிரைத்திறன். 1,800 சுற்றிலிருந்து 290 நியூட்டன் மீட்டர். டர்பைன் சக்கரத்தைச் சுற்றியுள்ள இதழ்கள் திறந்து மூடும் வகை டர்போ அதில் இருந்தது. புகைவாயு குறைவாக வரும் கீழ்ச்சுற்றில் இதழ்கள் ஒடுங்கி வாயுவின் வேகத்தைக் கூட்டுகின்றன, மேல்சுற்றில் விரிந்துகொள்கின்றன. சுற்று ஏறும் வரை காத்திருக்கும் சாதாரண டர்போவை விட, உப்பளக் கரைக்கு இது பொருத்தமானது.

இயந்திர பம்ப் உள்ள டர்போ எஞ்சினைப் போட்டிருக்கலாமே, உப்புக்கும் மின்னணுவுக்கும் ஆகுமா என்று உரிமையாளரின் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில் இதுதான்: உப்பளத்தில் பருவத்துக்குப் பருவம் டிரைவர் மாறுகிறார். தண்ணீர் கொதித்தாலும் ஆயில் குறைந்தாலும் மிதித்துக்கொண்டே போகிறவர் கையில் வண்டி சிக்கினால் இயந்திர பம்ப் அவரைத் தடுக்காது. மின்னணுக் கட்டுப்பாடு வெப்பம் எல்லை மீறினால் டீசலைத் தானே குறைக்கிறது. காற்று வராமல் டீசல் மட்டும் போய்க் கரும்புகை தள்ளும் நிலையையும் அது அனுமதிப்பதில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் சென்சார்கள் உண்மை சொல்வதைப் பொறுத்தது. சென்சார் சொல்லும் சில வோல்ட் உண்மையை உப்பு கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே பட்டறையின் முழுப் பொறுப்பும் ஆகிறது.

வாங்கும்போதே எஞ்சினோடு ஈசிஎம் (எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி), முழு வயரிங், ஏக்சிலேட்டர் பெடல், சாவி, சாவியை அடையாளம் காணும் பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தோம். ஒன்று மாறினாலும் எஞ்சின் செல்ஃப் சுற்றுமே தவிர டீசல் கொடுக்காது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதன் ஓட்ட அளவைக் குறிக்கும் எழுத்துக் குறியீடு உண்டு. எந்தக் குறியீடு எந்தச் சிலிண்டருக்கு என்பது ஈசிஎம்மில் எழுதப்பட்டிருப்பதால், கழற்றும்போதே எண் போட்டு, அதே வரிசையில் திரும்பப் பொருத்தினோம்.

பொருத்தும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜீப்பின் கியர்பாக்ஸ் 6 டன் எடைக்கு ஆகாது என்பதால் லாரியின் கியர்பாக்ஸே நீடித்தது. இடையில் லேத்தில் கடைந்த இரும்புத் தட்டு ஒன்று சேர்ந்தது. மையம் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்கிறதா என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே போல்ட் இறுக்கினோம். சுற்றை எண்ணும் பல்சக்கரம் எஞ்சினோடு வந்ததே. 60 பல்லில் இரண்டு பல் விடுபட்ட அந்தச் சக்கரத்தின் இடைவெளியை வைத்தே ஈசிஎம் பிஸ்டனின் இடத்தை அறிகிறது. அதைத் தொடவே இல்லை. முன் அச்சுக்கு இடம் விட ஆயில் சம்ப் வெட்டி ஒட்டப்பட்டது.

காற்றும் வெப்பமும்

சித்திரை வெயிலில் உப்பளத்துக் காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை டர்போ 2.2 மடங்கு அழுத்தினால், கம்ப்ரஸரின் செயல்திறன் 70 சதவீதம் என்று கொண்டாலும், வெளிவரும் காற்று ஏறக்குறைய 150 டிகிரிக்குச் சூடாகிறது. சூடான காற்று விரிந்து நிற்பதால் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது. இன்டர்கூலர் அதை 65 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் கால் பங்குக்கும் சற்று மேலாகவே காற்று கூடுதலாக அடங்கும். ஜீப்பில் இந்த இன்டர்கூலருக்கு ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று கிடைத்தது. 18 கிலோமீட்டர் வேக வண்டிக்கு அது கிடையாது. ஆகவே இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தி, இரண்டையும் சுற்றித் தகரக் கூடு அடித்து, விசிறியின் காற்று பக்கவாட்டில் தப்பாமல் இரண்டின் வழியாகவும் வரும்படி செய்தோம். சுமையோடு சரிவு ஏறும்போது டர்போவுக்கு முந்தைய புகைவாயு வெப்பம் 640 டிகிரி வரை போனது. 700-ஐத் தாண்டாத வரை இந்த எஞ்சினுக்கு ஆபத்தில்லை என்பது என் அளவுகோல்.

காற்று எடுக்கும் வாயைக் கேபினுக்குப் பின்னால் கூரை மட்டத்துக்கு உயர்த்தி, முன்னால் சுழல் வடிகட்டி ஒன்றையும் வைத்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரை மட்டத்தில் மணலும் உப்புத் தூளும் சேர்ந்தே பறக்கின்றன. காகித ஃபில்டரில் படிந்த உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சிப் பாளமாகிவிடுகிறது. அதைத் தட்டியோ ஊதியோ பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டி இன்னும் கொஞ்சம் இழுவை தர முடியுமா என்ற பேச்சு வந்தபோது மறுத்தேன். தேவையான 205-க்கு மேலேயே எஞ்சினிடம் இருக்கிறது. கிளட்ச்சும் பின் அச்சும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வயரிங்

ஜீப்பின் வயரிங் கட்டை மேசைமேல் விரித்து ஒவ்வொரு வயரையும் தனித்தனியே பார்த்தோம். கடலோரம் ஓடிய வண்டிகளில் நான் அடிக்கடி காணும் ஒன்று இதிலும் இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை புதிதுபோல் பளபளக்க, நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே வரை தாமிர இழைகள் பச்சைப் பொடியாகி இருந்தன. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிடைவெளி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட வயர்களை முழுதாக நீக்கி, படகு வயரிங்குக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய தாமிர வயரைப் போட்டோம். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் விசைப்படகுக்கு வயரிங் செய்கிறவர்கள் இந்த வயரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இணைப்புகளைச் சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். சால்டர் ஏறிய இடத்துக்கும் ஏறாத இடத்துக்கும் நடுவே வயர் விறைத்துவிடுவதால், டிப்பரின் அதிர்வில் சரியாக அந்த இடத்தில்தான் முறியும்.

எர்த் விஷயத்தில் சேஸிஸை நம்பவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒன்று, ஈசிஎம்முக்கு ஒன்று, கேபினுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கேபிள் போனது. சேஸிஸ் வழி எர்த்தில் செல்ஃப் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.6 வோல்ட் விழுந்துகொண்டிருந்தது. தனிக் கேபிளுக்குப் பின் அது 0.1 ஆனது. ஐந்து வோல்ட் எல்லைக்குள் பேசும் சென்சார்களுக்கு 0.6 வோல்ட் என்பது சிறிய பிழை அல்ல. ஈசிஎம்மைக் கேபினுக்குள் சீட்டின் பின்னால் உயரத்தில், கப்ளர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தோம். அலுமினியத் தாங்கிகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைத் தவிர்த்தோம். உப்பீரத்தில் அவை இரண்டும் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது அலுமினியமே. துத்தநாகம் பூசிய போல்ட்டும் நைலான் வாஷரும் அந்த இடங்களில் போயின.

விடியற்காலைப் பழுது

வண்டி உப்பளத்தில் வேலைக்கு இறங்கிப் பருவம் சூடு பிடித்த வேளையில் டிரைவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. "காலையில மட்டும் மிதிச்சா ஏறவே மாட்டேங்குதுண்ணே. எட்டு, ஒம்பது மணிக்கு வெயில் அடிச்சதும் தானா சரியாயிடுது" என்றார். இந்தப் பதிவில் மற்றவற்றைவிட இந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் கடலோரத்தில் ஓடும் எந்த மின்னணு வண்டிக்கும் இதே பழுது வரலாம்.

அதற்குள் வேறொருவர் வந்து பார்த்து, பெடல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருந்தார். கப்ளருக்கு ஸ்பிரே அடித்ததில் ஒருநாள் சரியாக இருந்து, மறுநாள் விடியலில் பழையபடி ஆகியிருந்தது. நாங்கள் விடியுமுன் போய், ஈசிஎம்மில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினோம். எஞ்சின் உடனே பற்றியது. பெடலை மிதித்தால் 1,200 சுற்றில் நின்றுகொண்டது. பதிவாகியிருந்த பழுது எண் பி 2138. அதாவது பெடலின் இரண்டு சமிக்ஞைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மின்னணு ஏக்சிலேட்டரில் கேபிள் கிடையாது. பெடலுக்குள் இரண்டு தனிச் சென்சார்கள் உள்ளன. இந்த வகையில் முதலாவது தரும் வோல்ட்டில் சரிபாதியை இரண்டாவது தர வேண்டும். பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் 0.75-உம் 0.37-உம் இருந்தால் ஈசிஎம் நம்புகிறது. விகிதம் பிசகினால், எது பொய் சொல்கிறது என்று தெரியாததால், வண்டி திடீரெனப் பாயாமல் இருக்க எஞ்சினைத் தாழ்ந்த சுற்றில் பூட்டிவிடுகிறது. அன்று விடியலில் முதலாவது 0.75 சரியாக இருந்தது. இரண்டாவது 0.48 காட்டியது. வெயில் ஏற ஏற, யாரும் எதையும் தொடாமலேயே, திரையில் அது 0.45, 0.41 என்று இறங்கி 0.37-இல் வந்து நின்றது.

மறுநாள் ஈரம் இருக்கும்போதே பெடலின் கப்ளரைக் கழற்றி, பெடலையும் வயரையும் பிரித்துவிட்டு, கப்ளர் வாயில் 5 வோல்ட் பின்னுக்கும் பக்கத்திலுள்ள இரண்டாம் சமிக்ஞைப் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தோம். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாத அந்த இடத்தில் சுமார் 40 கிலோ ஓம் காட்டியது. பின்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் 5 வோல்ட்டிலிருந்து மின்னோட்டத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. பெடலுக்குள் உள்ள தடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேல் ஏற்றம் வர வேண்டும். ஸ்கேனர் காட்டியதும் அதுவே.

காரணம் உப்பின் இயல்பில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீரில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர விடியலில் ஈரப்பதம் 75-ஐ எளிதில் தாண்டுகிறது. ஒன்பது மணி வெயிலில் இறங்கிவிடுகிறது. டிரைவரின் நனைந்த காலிலிருந்து பெடலுக்கும், பெடலிலிருந்து கப்ளருக்கும் பாத்தி நீர் போயிருந்தது. ஜீப்பில் அந்தக் கப்ளர் மூடிய கேபினுக்குள், கம்பளம் விரித்த தரைக்கு மேல் இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டது. ரப்பர் சீல் இல்லாதது.

ஸ்பிரே ஏன் நிலைக்கவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். கடையில் கிடைக்கும் கான்டாக்ட் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை பெட்ரோலிய வகைத் திரவங்கள். அவற்றில் உப்பு கரையாது. ஈரத்தை விரட்டிவிட்டு உப்பை அங்கேயே விட்டுவிடுகின்றன. அடுத்த விடியலில் உப்பு மீண்டும் நீரை இழுக்கிறது. நாங்கள் கப்ளரின் இரு வாய்களையும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவினோம். பிறகு காற்றால் ஊதி, வெயிலில் காயவைத்து மீண்டும் அளந்தபோது மீட்டர் எல்லை கடந்து காட்டியது, அதாவது பின்களுக்கு இடையே கசிவு இல்லை. நீர்தான் உப்பை எடுக்கும். அதன் பிறகுதான் சிலிக்கான் கிரீஸ். இந்த வரிசையை மாற்றினால் உப்பின் மேல் கிரீஸ் பூசியதாகவே முடியும். பெடல் மாற்றத் தேவைப்படவில்லை. கப்ளரை ரப்பர் சீல் உள்ள ஆறு பின் வகையாக மாற்றி, டாஷ்போர்டுக்குக் கீழ் உயரத்தில் கட்டினோம். வழிந்து வரும் நீர் கப்ளருக்கு எட்டுமுன் சொட்டிவிடும்படி வயரை அதற்கு முன்னால் கீழே வளைத்து மேலேற்றினோம். கேபினுக்குள் இருந்த மற்ற சீல் இல்லாத கப்ளர்களையும், அதாவது பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சாவிப் பெட்டி ஆகியவற்றின் கப்ளர்களையும் அப்படியே மாற்றினோம். அதன் பிறகு அந்தப் பழுது வரவில்லை.

டீசலும் தண்ணீரும்

உப்பளத்தில் டீசல் பீப்பாயில் வைத்துக் கைபம்ப்பால் எடுக்கப்படுகிறது. காமன் ரயில் பம்ப் டீசலை 1,600 பார் வரை அழுத்தும் வகை. இன்ஜெக்டரின் உட்பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. பீப்பாயில் பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் இடையே சேரும் சில சொட்டு நீரில் உப்பும் கலந்தால், பழைய பம்ப் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும். இது பொறுக்காது. எஞ்சினின் ஃபில்டருக்கு முன்னால், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள நீர் பிரிப்பான் ஒன்றைக் கூடுதலாக வைத்து, காலையில் செல்ஃப் அடிக்குமுன் கிண்ணத்தைத் திறந்து வடிக்கும் பழக்கத்தை டிரைவருக்கு ஏற்படுத்தினோம். பீப்பாய்க் குழாயின் நுனி அடிமட்டத்திலிருந்து நான்கு விரல் மேலே இருக்கும்படி வெட்டப்பட்டது.

ரேடியேட்டருக்குக் கிணற்று நீர் ஊற்றும் வழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொன்னோம். இந்தக் கரையின் கிணறுகள் பெரும்பாலும் உவர்ப்பு. காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நல்ல நீர் குடிப்பதற்கே போதாத ஊர்களில் வண்டிக்கு அதைக் கேட்பது முறையுமல்ல. கலந்து விற்கும் கூலன்ட் கேன் ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் கழுவ, உப்பளத்துக் கொட்டகைக் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் தொட்டி ஒன்றை உரிமையாளர் கட்டினார். கழுவுவது குறைந்த அழுத்தக் குழாயால்தான். பிரஷர் வாஷர் சீல் உள்ள கப்ளருக்குள்ளும் நீரைத் திணித்துவிடும் என்பதால் அதை விலக்கினோம்.

வடகிழக்குப் பருவமழை இறங்கி உப்பு வாருவது நின்றதும் வண்டி பட்டறைக்கு வந்தது. வயரிங்கில் அளந்த இடங்களில் எல்லாம் அளவுகள் பழையபடியே நின்றன. செல்ஃப் சுற்றும்போது எர்த்தில் விழும் வோல்ட் அதே 0.1. டர்போவின் இதழ்கள் கரி படிந்து சற்று இறுகியிருந்தன. சுமை இல்லாமல் ஐடிலில் நீண்ட நேரம் நிற்கும் வண்டிக்கு இது வரும். கழற்றிச் சுத்தம் செய்து, உப்பு ஏற்றும் நேரத்தில் எஞ்சினை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். அணைக்குமுன் டர்போ ஆற ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்பதோடு சேர்த்து. எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது இன்டர்கூலர். அதன் அடி இரண்டு வரிசை அலுமினியத் தகடுகள் வெண்பொடியாகி உதிர்ந்திருந்தன. முன்சக்கரம் வாரி அடிக்கும் பாத்தி நீர் நேராக அங்கே படுகிறது. புதிய இன்டர்கூலரை ஒரு சாண் உயர்த்தி, கீழே ரப்பர்த் திரை தொங்கவிட்டுப் பொருத்தி வருகிறோம். அந்தத் திரை விசிறிக் காற்றை எவ்வளவு மறைக்கிறது என்பதை, தை மாதம் வண்டி மீண்டும் பாத்திக்குப் போனதும், சரிவில் சுமையோடு காற்று வெப்பத்தை அளந்து பார்க்க வேண்டும்.